காற்றே இல்லாத நாளில் நாலு ஆம்பியர்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல்பட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில் பாதி ஆயுசு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம், கையால் செய்த சின்னச் சின்னக் காற்றாலைகள் எவ்வளவு மின்சாரம் தருகின்றன என்று பார்த்து எழுதும் வேலை. இப்போது அதையும் முடித்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். சாதனையை எழுதலாம் என்று தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. தப்பு ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

இயல்பிலேயே நான் பயந்தவன். பூட்டிய கதவைத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். இந்தத் தொழிலில் அது குறையே இல்லை. மீட்டர் பார்க்கிறவன் தைரியசாலியாக இருந்தால் ஊருக்குத்தான் ஆபத்து. ஆனால் பயந்தால் மட்டும் போதாது, பயத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறது. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு குப்பத்தில் எனக்கு அது புரிந்தது.

அந்தக் குப்பத்தில் கடலைப் பார்த்த மாதிரி வலை பின்னும் கூடம் ஒன்று உண்டு. மொட்டை மாடிக் கட்டடம். கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்த இன்ஜினீயர் ஒருவர், சார் என்றே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அந்த மாடியில் காற்றாலை கட்டினார். தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் அறுத்து இறக்கைகள். உடற்பயிற்சிக் கூடம் ஒன்று தூக்கிப் போட்ட ஓடுகிற மெஷினின் மோட்டார். எத்தனையோ பேரை நின்ற இடத்திலேயே ஓடவிட்ட மோட்டார், இனியாவது உருப்படியாக ஏதாவது செய்யட்டும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம்.

காற்றாலையிலிருந்து வந்த மின்சாரம் கூடத்தில் இருந்த இரண்டு பேட்டரிகளுக்குப் போகும். பேட்டரியிலிருந்து கூடத்து விளக்குகளுக்கும், ஒரு வயர்லெஸ் செட்டுக்கும். கடலுக்குப் போன படகுகளோடு கரையிலிருந்து பேசுவதற்கு அந்த ஒரு செட்தான். செல்போன் எல்லாம் கொஞ்ச தூரத்திலேயே கையை விரித்துவிடும். முழங்கால் போய்விட்டதால் கடலுக்குப் போவதை நிறுத்திய தேசப்பன் என்பவர் அந்தச் செட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். முன்பு செட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரி இருந்தது. காற்றாலை வந்தபின், இனி இது எதற்கு என்று அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

என் வேலை, மணிக்கொரு தரம் எத்தனை ஆம்பியர் என்று மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதுவது, அதையே வாட்சப் குழுவில் போடுவது. குழுவில் பல தேசத்தில் இருந்த ஆதரவாளர்கள். அவர்களில் யாரும் குப்பத்தைப் பார்த்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் காற்றின்மேல் அப்படி ஒரு பாசம்.

கடற்கரையில் காற்று எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். பிற்பகலில் கடலிலிருந்து நன்றாக வரும். காலையில் பல நாள் இலைகூட அசையாது. நான் ஒழுங்காக எழுதினேன்: எட்டு மணி, பூஜ்யம். ஒன்பது மணி, பூஜ்யம். பத்து மணி, பூஜ்யம். குழுவில் அழுகிற முகங்கள் வர ஆரம்பித்தன. ஒருவர், மீட்டர் பார்ப்பவர் விழித்திருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, பூஜ்யத்தைப் பார்த்தா சப்போர்ட்டர்ஸ் மனசு ஒடஞ்சிடுது. கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்களேன்" என்றார். மறுநாளிலிருந்து பூஜ்யத்துக்குப் பதிலாக, "காற்றுக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறது" என்று எழுதினேன். அதற்கு எக்கச்சக்கமான இதயங்கள் வந்தன.

அப்புறம் குழுவில் ஒரு நிபுணர் யோசனை சொன்னார். காற்றாலைக்கும் பேட்டரிக்கும் நடுவில் டையோடு என்று ஒரு துண்டு இருக்கும். சைக்கிள் டியூபுக்கு வால்வு மாதிரி. மின்சாரம் காற்றாலையிலிருந்து பேட்டரிக்குப் போகும், திரும்பி வராது. ஆனால் போகிற வழியில் அதுவும் கொஞ்சம் தின்னும், சூடாகும். அதைக் கழற்றிவிட்டால் ரீடிங் ஏறுமே என்றார் நிபுணர். சார் என்னைக் கழற்றச் சொன்னார்.

ஏணியில் ஏறும்போதே எனக்குச் சைக்கிள் கடை ஞாபகம் வந்தது. வால்வைப் பிடுங்கினால் டியூபில் இருக்கிற காற்று என்ன ஆகும் என்று எந்தச் சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும். கேட்டிருக்கலாம். ஆனால் அந்த நிபுணர் பேருக்குப் பின்னால் இருந்த எழுத்துகள், என் பேரைவிட நீளம். நம் எட்டாம் வகுப்பை வைத்துக்கொண்டு எங்கே வாயைத் திறப்பது என்று பேசாமல் கழற்றினேன். என் கையால்தான் கழற்றினேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அன்றிலிருந்து பூஜ்யமே வரவில்லை. காலை எட்டு மணிக்கு நாலு ஆம்பியர். ஒன்பது மணிக்கு நாலு ஆம்பியர். தென்னை மட்டை சிலை மாதிரி நிற்கும், காற்றாலை மட்டும் மும்முரமாகச் சுற்றும். குழுவே கொண்டாடியது. அதற்குக் "குறைந்த காற்றுத் தொழில்நுட்பம்" என்று பேர் வைத்தார்கள். கூடத்து வாசலில் சிவப்பு எழுத்தில் ஆம்பியர் ஓடுகிற பெரிய போர்டு ஒன்றும் மாட்டினார்கள். அதுவும் அதே பேட்டரியில்தான் எரிந்தது.

விஷயம் என்னவென்று முதலில் கண்டுபிடித்தவர் கன்னியம்மா. அவர் வீட்டுக்காரர் எல்லப்பன், தன் தம்பியோடு படகில் போவார். கன்னியம்மா மீன் விற்பார், மீந்ததைக் கூடத்து மாடியில் கருவாடு காயப் போடுவார். ஒரு காலையில் ரீடிங் எடுக்க மாடிக்குப் போனேன். காற்றாலையின் வால் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகப் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, உங்க ஃபேனு சூப்பரா கீது. காத்தே இல்லாத அன்னிக்கிகூட இது பின்னால போட்டா கருவாடு சீக்கிரமா காஞ்சிடுது" என்றார்.

இது ஃபேன் இல்லை, மின்சாரம் தயாரிக்கிறது என்று விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காத்து அடிச்சா சுத்துனா சரி. காத்து இல்லாம சுத்தி காத்து வுடுதே, அதுக்கு இன்னா பேரு உங்க ஊர்ல?"

சிரித்துக்கொண்டே இறங்கினேன். பஸ்ஸில் சிரிப்பு நின்றுபோயிற்று. அன்று சாப்பிட முடியவில்லை. மறுநாள் செங்கல்பட்டில் பழைய இரும்புக் கடையில், உடைத்துப் போட்ட ஜீப்பின் அளவுமானி ஒன்றை வாங்கினேன். அதில் முள் நடுவில் நிற்கும். பேட்டரிக்கு மின்சாரம் போனால் வலப்பக்கம் சாயும், பேட்டரியிலிருந்து போனால் இடப்பக்கம். எங்கள் விலையுயர்ந்த மீட்டர் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கம் என்று சொல்லாது. ஜீப் மானியை மாட்டினேன். முள் இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

காற்றாலை பேட்டரிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பேட்டரிதான் காற்றாலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிற்பகல் காற்று நிரப்புவதை, காலைப் பொழுது முழுக்க ஃபேனாக ஓடித் தின்றுகொண்டிருந்தது. அதன் பசியைத்தான் நான் மணிக்கொரு தரம் வருமானம் என்று எழுதி, உலகத்துக்கு அனுப்பி, இதயங்கள் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்னால் நான் அவரிடம் சொன்ன பயங்களின் பட்டியல் பெரியது. இறக்கை பறந்து பள்ளிக்கூடத்தில் விழும் என்று சொல்லியிருக்கிறேன். கம்பத்தில் இடி விழும் என்று சொல்லியிருக்கிறேன். காக்கை கூடு கட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சார் ஜீப் மானியைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதன் கண்ணாடியில் விரிசல் இருந்தது. "அண்ணா, இது காயலான் கடை மீட்டர்" என்றார். அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளான்னைக்கு ஃபங்ஷன். முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். ரெண்டு நாள்தானே" என்றார்.

இதே மாதிரி கடற்கரை நெடுக நிறையக் காற்றாலைகள் கட்ட உதவும் நிறுவனத்திலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வருகிறார் என்பதுதான் அந்த விழா.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலே சொல்லியாகிவிட்டது, என் பொறுப்பு தீர்ந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது. தம்பி தங்கைகளே, அந்த நிம்மதி வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். அந்த பேட்டரியை நம்பி உட்கார்ந்திருந்தவர் தேசப்பன். கூடத்துக்குள் பத்தடி தூரத்தில் இருந்தார். அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விழா அன்று காற்று சுத்தமாக இல்லை. வெயில் பிளந்தது. சாருக்குக் கவலையே இல்லை. காற்று இல்லாவிட்டால்தானே தொழில்நுட்பத்தின் அருமை தெரியும். பந்தல், மைக், மேடைக்கு இரண்டு மேசை விசிறிகள். விழா முழுக்கவே காற்று மின்சாரத்தில் நடக்கிறது என்று காட்டுவதற்காக மைக்கையும் விசிறிகளையும் அதே பேட்டரியில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மாடியில் ஒரு விசிறி ஓட, அது தயாரிப்பதாகச் சொன்ன மின்சாரத்தில் மேடையில் இரண்டு விசிறிகள் ஓடின. பெரியவர் போர்டைப் பார்த்தார். 4.1. தென்னையைப் பார்த்தார். திரும்பவும் போர்டைப் பார்த்தார். வெளிநாட்டில்கூட இப்படிப் பார்த்ததில்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

எல்லாப் படகும் காலையிலேயே கரைக்கு வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. எல்லப்பனும் அவர் தம்பியும் தூரமாக வலை விட்டிருந்தார்கள். நண்பகல் தாண்டியபோது மேற்கே, செங்கல்பட்டுப் பக்கம், வானம் கறுத்தது. வெயில் நாளில் மேற்கே கறுத்தால் என்ன அர்த்தம் என்று குப்பத்தில் குழந்தைக்கும் தெரியும். கரையிலிருந்து கடலைப் பார்க்க ஒரு அடி அடிக்கும். சின்ன ஃபைபர் படகு, வலையும் தண்ணீருக்குள் கிடந்தால், திரும்ப முடியாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும்.

பெரியவர் பேசிக்கொண்டிருந்தபோது தேசப்பன் காலை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணாத்த, செட்டு இன்னாமோ ஆயிட்ச்சி. எல்லப்பன் பேசறது கேக்குது. நான் பேச அமுக்குனா செத்துப் பூடுது."

ஓடினேன். செட்டிலிருந்து எல்லப்பன் குரல் வந்துகொண்டிருந்தது. சாவகாசமான குரல். கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிறது, இன்னும் அரை மணி வலையை விட்டு வைக்கட்டுமா, கரையில் வானம் எப்படி என்று கேட்டார். பதில் வராததால் திரும்பவும் கேட்டார். செட்டில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தேசப்பன் பேசும் பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. கையை எடுத்தார், விளக்கு வந்தது. கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசுவதற்கு நிறைய வேண்டும். பேட்டரியில் அந்த நிறைய இல்லை.

கன்னியம்மா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லப்பன் மூன்றாவது தடவையாக, "தேசப்பண்ணே, தூங்கிட்டியா?" என்றார். கன்னியம்மா என் முகத்தைத்தான் பார்த்தார்.

ஏதாவது வண்டியின் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாமே என்று நீங்கள் இப்போது சொல்வீர்கள். சரிதான். எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், பகலில் எரியாத விளக்குகளின் ஒயரைத் தவிர, பேட்டரியிலிருந்து போகிற நாலு ஜோடி ஒயர்கள். காற்றாலை, போர்டு, மேடை, செட். மூன்றைப் பிடுங்கினால் பேட்டரிக்கு இழுத்துக்கொள்ள ஒரு மூச்சு வரும். அந்த மூச்சில் ஒரு வாக்கியம் பேசலாம், ஒருவேளை. பிடுங்கினால் பெரியவர் கண் முன்னால் எல்லாம் நின்றுபோகும். சாரின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போகும், என் வேலையும் போகும். இவ்வளவையும் யோசித்தேன் என்று எழுதினால் பொய். முதல் ஒயரை நானே இறுக்கி முறுக்கியிருந்தேன், அது வர நேரமானது, அந்த நேரத்தில் யோசித்ததுதான்.

மேடை ஒயர் வந்தது. பெரியவர் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. போர்டு ஒயர் வந்தது. 4.1 அணைந்தது. காற்றாலை ஒயரைப் பிடுங்கினேன். மாடியில் இறக்கைகள் மெதுவாகி, தயங்கி, நின்றன. பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்று இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. வியர்வையைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

சார் உள்ளே வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அண்ணா, அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம் குடுங்க" என்று கெஞ்சினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வாசலுக்குக் கொண்டுபோய் மேற்கே காட்டினேன். செட்டையும் காட்டினேன். "இதுலதான் சார் அவங்க ரெண்டு பேரும் இருக்காங்க" என்றேன். அவர் வெளியே போகவில்லை. பெரியவரிடமும் திரும்பிப் போகவில்லை. அங்கேயே நின்றார். அதனால்தான் அவரை நல்ல மனிதர் என்று முதலிலேயே எழுதினேன்.

பேட்டரியை ஐந்து நிமிடம் சும்மா விட்டேன். அந்த ஐந்து நிமிடமும் எல்லப்பன் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார், பொத்தானை விடாமலேயே. அவர் விட்டால்தான் நாம் பேச முடியும். தேசப்பன் ஒரு விஷயத்தைச் சொல்ல மூன்று கிளைக்கதை சொல்கிறவர். ஒரே ஒரு வாக்கியம்தான் என்று அவரிடம் கும்பிட்டுச் சொன்னேன். பாட்டு நின்றது. அழுத்தினார்.

"எல்லப்பா, வலய அறுத்துட்டு வா, மேக்க கருத்துகினு கீது."

விளக்கு அணைந்தது. கையை எடுத்த பின்னும் வரவில்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததா, பாதியில் அறுந்ததா என்று யாருக்கும் தெரியாது. கன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். வலையை அறுக்கச் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்த வலை எத்தனை வருஷத்துச் சம்பாத்தியம் என்று கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவரோ செட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

கால் மணி நேரத்தில் காற்று வந்தது, பின்னாலேயே மழை. பந்தல் துணி எழுந்து பெரியவரின் கார் மேல் போய் விழுந்தது. அவரும் அவருடன் வந்தவர்களும் அந்தத் துணியோடேயே கிளம்பினார்கள். மாடியில், எதோடும் இணைக்காமல் விட்ட காற்றாலை கடிவாளம் இல்லாத குதிரை மாதிரி வெறிபிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. இறக்கை பறந்து பள்ளிக்கூடத்தில் விழும் என்ற என் பழைய பயம் வந்தது. திரும்ப பேட்டரியோடு சேர்த்தால் பாரம் விழுந்து வேகம் அடங்கும். சேர்த்தேன். பொறி பறந்தது. ஜீப் மானியின் முள் வலப்பக்கம் சாய்ந்து, ஓரத்தில் போய் இடித்து நின்றது. படகை உள்ளே தள்ளுகிற அதே காற்று பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தது. எத்தனை ஆம்பியர் என்று நான் பார்க்கவில்லை. என் பணிக்காலத்தில் உண்மையாக வந்த ரீடிங்குகளில் அதுதான் மிகப் பெரியதாக இருந்திருக்கும்.

செட்டில் விளக்கு வந்தது. முதலில் வெறும் இரைச்சல். தேசப்பன் கூப்பிட்டார். இரைச்சல். திரும்பவும் கூப்பிட்டார். நாலாவது தடவை எல்லப்பன் குரல், காற்றுக்கு நடுவே, மூச்சிரைக்க வந்தது.

"வல போச்சிண்ணே. வந்துகினுகீறோம். கரையில வெளக்கு போடு, ஒண்ணுமே தெர்ல."

பகல் இரண்டு மணிக்கு அந்த இருட்டு. கூடத்து விளக்குகள் அத்தனையும் போட்டோம். சார் மாடிக்கு ஏறி, மழையில் நின்று தன் கார் சாவியில் இருந்த சின்ன டார்ச்சை ஆட்டிக்கொண்டிருந்தார். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை. எதிர்காற்றில் ஊர்ந்து ஊர்ந்து படகு கரைக்கு வர வெகு நேரம் ஆயிற்று.

எல்லப்பன் ஈரத்தோடு கூடத்துக்குள் வந்து செட்டின் முன்னால் உட்கார்ந்தார். கன்னியம்மா அவர் தலையைத் துவட்டினார், துவட்டியதைவிட அடித்தது அதிகம். என்னய்யா ஆயிற்று செட்டுக்கு என்று எல்லப்பன் கேட்டார். சார் பேச வாயெடுத்தார். காற்றாலையில் ஏதோ கோளாறு என்று சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். நான் முந்திக்கொண்டேன். டையோடைக் கழற்றியது நான், பேட்டரி வற்றுவது எனக்கு இரண்டு நாளாகத் தெரியும், தேசப்பனிடம் சொல்லவில்லை என்றேன். புது வலைக்கு எவ்வளவு ஆகிறதோ அதில் என் பங்கும் உண்டு என்றேன்.

யாரோ எல்லப்பன் கையில் டீயைக் கொடுத்தார்கள். தேசப்பன் என்னைப் பார்க்காமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். எல்லப்பன் டீயைக் குடித்து முடித்தார்.

"வல இல்ல, நாளிக்கு எங்கண்ணன் போட்டுல போறேன்" என்றார். "அந்தத் துண்டு எங்க கீது? போயி மாட்டு."

மழை விட்டிருந்தது, ஆனால் மாடிப் படி வழுக்கியது. நான் டையோடையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கம்பத்தில் ஏணியைச் சாய்த்து இரண்டு படி ஏறியபோது அது ஆடியது. அப்புறம் ஆடவில்லை. கீழே பார்த்தேன். எல்லப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.